கெட்டிப் பாலுக்குப் பயந்த அண்ணிக்கு

என் அன்பான அண்ணி,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் நின்று சமைத்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? சண்டை வந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவோம். மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது அது தானாகத் தீர்ந்துவிடும். இப்போது நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. முகம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். இன்னும் அதே காலை ரயிலில்தான் அரக்கோணம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் இப்போது என்னைத்தான் திட்டுகிறார், உங்களிடம் முறையிட வழியில்லாமல். நம் பெண் தேன்மொழி பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள். வேலூரில் காலேஜில் சேருவேன், ஹாஸ்டலில் தங்குவேன் என்று நிற்கிறாள். அவர் வேண்டாம் என்கிறார். "நைனா, நான் இன்னா பச்சைக் கொயந்தையா? எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் கேட்டபோது, நீங்கள் நின்று கேட்கிற மாதிரியே இருந்தது. அவள்தான் ஜெயிப்பாள். நீங்கள் வளர்த்த பெண் தோற்றுப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

உயரம் மட்டும் அப்படியேதான். பள்ளிக்கூட பிரேயரில் முதல் ஆளாக நின்றவள் முதல் ஆளாகவே முடித்தாள். கண்ணாடியின் பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணி. காய்ச்சல் என்று அவள் படுத்துப் பல வருஷம் ஆகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உங்களை யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? நீங்கள் என் கணவரின் அக்கா கோவிந்தம்மாள். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, திருத்தணியில் தம்பி வீட்டுக்கு வந்தவர். நான் கல்யாணமாகி உள்ளே நுழைந்தபோது அந்த வீட்டுச் சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. அதைப் பிடுங்க நான் நினைத்ததும் இல்லை, கொடுக்க நீங்கள் நினைத்ததும் இல்லை.

தேன்மொழி பிறந்த கதையில் பாதி நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. கால் இரண்டும் வீங்கிப்போய், தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. வலிப்பு வந்து விழுந்தேனாம். தெருமுனை டாக்ஸியில் என்னைப் போட்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களாம். வழியெல்லாம் என் பற்களுக்கு நடுவே உங்கள் முந்தானையைச் சுருட்டி வைத்திருந்தீர்கள் என்று உங்கள் தம்பி சொல்வார்.

குழந்தையை எடுத்தார்கள். ஒரு படி அரிசியின் கனம்கூட இல்லை. தோல் வழியே நரம்பு தெரிந்தது. அழுகைகூடப் பூனைக்குட்டி மாதிரிதான். கண்ணாடிப் பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் இறக்கினார்கள். நான் இன்னொரு வார்டில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தேன். நான் எழுந்து என் பெண்ணைப் பார்த்தபோது என் மார்பில் பால் வற்றியிருந்தது. குழந்தைக்கு உறிஞ்சவும் தெம்பில்லை. டின் பால்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். குழந்தையின் உடம்புச் சூடு குறையக் கூடாது, பால் அளவு மாறக் கூடாது என்று இரண்டே விஷயம் சொல்லி அனுப்பினார்கள். முதல் விஷயத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ரவிக்கைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையை வைத்து, மேலே முந்தானையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். சமையல் உங்கள் தம்பி. அவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "ரயிலு கழுவின தண்ணியாடா இது?" என்று கேட்டீர்களே, அன்றுதான் பிரசவத்துக்குப் பிறகு நான் முதல்முறையாகச் சிரித்தேன்.

அக்கம்பக்கத்தில் சொல்லாத பேச்சில்லை. எட்டாம் மாசத்துக் குழந்தை தங்காது என்றார்கள். டின் பால் குடித்தால் புத்தி மந்தமாகும் என்றார்கள். பெயர்கூட இன்னும் வைக்கவில்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, "வெச்சிக்கலாம், அது எங்கயும் ஓடிடாது" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் குழந்தை தேறவில்லை.

வாரா வாரம் நம்மூர் டாக்டரம்மாவிடம் எடை பார்க்கக் கொண்டுபோவீர்கள். முதல் வாரம் கொஞ்சம் ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது. அடுத்த முறை இறங்கியே இருந்தது. பகலெல்லாம் கையை வாயில் வைத்துக்கொண்டு சிணுங்கும். காலையில் பார்த்தால் உதடு காய்ந்து, உடம்பு கொதிக்கும். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பால் யார் கலக்கறது?" என்று கேட்டார்.

"பகல்ல நானு. சாயந்தரத்துல இருந்து எந்தம்பி."

"அளவு சரியா போடறீங்களா? ஒரு அவுன்ஸ் தண்ணிக்கு டின்ல இருக்கற கரண்டியால ஒரு கரண்டி. தலைதட்டி."

"ஆங், அப்படித்தாங்க போடறோம்" என்றீர்கள் நீங்கள். உங்கள் தம்பியும் தலையை ஆட்டினாராம்.

"அடுத்த தடவையும் ஏறலைன்னா மெட்ராஸுக்கே திரும்ப அனுப்பிடுவேன். குடல்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொன்னீர்கள். மெட்ராஸுக்குத் திரும்பிப் போனால் அந்தக் குழந்தை வீட்டுக்கு வராது என்று மூன்று பேருமே நினைத்தோம்.

அதுவரை நான் படுத்த படுக்கை. எழுந்தால் தலை சுற்றும். யாராவது பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பேச்சுக்கு அப்புறம் எனக்குப் படுத்திருக்க முடியவில்லை. மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்தேன். நீங்கள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பால் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். கரண்டியைத் தலைதட்டித்தான் போட்டீர்கள், தப்பில்லை. கலக்கினீர்கள். அப்புறம் வெந்நீர்ச் செம்பை எடுத்து மேலே இன்னும் ஊற்றினீர்கள். டம்ளரில் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி நீலம் பாரித்துக் கிடந்தது.

நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். இவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி ஏன் இப்படிச் செய்கிறாள்? பகலில் குழந்தை சிணுங்குவது ஏன் என்று புரிந்தது. ஆனால் காலையில் உடம்பு கொதிப்பது ஏன் என்று புரியவில்லை.

சாயங்காலம் உங்கள் தம்பி வேலையிலிருந்து வந்தார். நான் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அவர் கரண்டியைத் தலைதட்டவில்லை. குமித்துப் போட்டார். ஒன்று போதாதென்று இன்னொன்றும் போட்டார். கூழ் மாதிரி இருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?"

திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி திரும்பினார். "மெதுவா பேசு. அக்கா தண்ணியா குடுக்குதுன்னு எனக்குத் தெரியும். அதான் நான் சாயந்தரம் சேத்துப் போட்டு ஈடு கட்டிகினு வர்றேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அக்காகிட்ட யாரு கேக்கறது?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒருத்தர் ஊற்றிய தண்ணீரை இன்னொருத்தர் பவுடரால் அடைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு படி அரிசி கனம் இல்லாத ஒரு ஜீவன் பகலில் பட்டினியும் ராத்திரியில் தாகமுமாகக் கிடக்கிறது. யார் என்ன கொடுக்கிறார்கள் என்றே தெரியாமல் டாக்டரம்மா குடலைச் சந்தேகப்படுகிறார்.

உங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்த வீட்டில் நான் முதல்முதலாகக் குரல் உயர்த்தியது அன்றுதான். "இனிமே யாரும் பாலைத் தொட வேணாம். நான்தான் கலக்குவேன். நான் நிக்க முடியலன்னா உக்காந்துகினு கலக்குவேன், உக்கார முடியலன்னா படுத்துகினு கலக்குவேன்" என்றேன்.

உங்கள் முகம் சிவந்துவிட்டது. "நான் கொயந்தையக் கொல்றேன்னு சொல்றியா, சரோஜா?"

"அப்படிச் சொல்லல அண்ணி."

"அதத்தான் சொல்ற. இந்தக் கொடலு நூலு மாதிரி இருக்குது. இதுக்கு இம்மாங் கெட்டிப் பாலு ஆவுமா? உனுக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் காலையில் குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, சாவியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, ஒரு மாற்றுப் புடவையோடு அம்மையார்குப்பத்துக்கு உங்கள் கொழுந்தன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்கள் தம்பி வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. அவருக்கு உங்களிடம் வாய் திறந்து பழக்கமே இல்லையே.

நான் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நன்றாகத் திட்டினார். "தண்ணியா கொடுத்தா வயிறு ரொம்பின மாதிரி இருக்கும், உடம்புல ஒண்ணும் ஒட்டாது. கெட்டியா கொடுத்தா அந்தச் சின்ன உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் இழுத்துடும். காய்ச்சல் மாதிரி கொதிக்கும். ரெண்டுமே ஆபத்து. டின்ல சொல்லியிருக்கறது பாதியும் இல்ல, ஒண்ணரையும் இல்ல" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "குடல்ல கோளாறு இல்லம்மா. நல்லதுதான். இப்ப வீட்டுக்குப் போய்ச் சரியா கொடு."

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு முறையும் டின் பாலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குழந்தையை என் மார்பில் வைக்கச் சொன்னார். பால் இல்லாவிட்டாலும் வைக்கச் சொன்னார்.

சரியாகத்தான் கலந்தேன், அண்ணி. பாலாடையின் மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அடங்கிக் குடித்தது. காலைக் கொதிப்பு நின்றுவிட்டது. ஆனால் அது மார்கழி. மலையடிவாரக் குளிர் உங்களுக்குத் தெரியாதா? என்னால் பத்து நிமிஷத்துக்கு மேல் குழந்தையை நெஞ்சில் வைத்து உட்கார முடியவில்லை. கீழே படுக்க வைத்தால் அதன் கால் ஜில்லென்று ஆகிவிடும். கம்பளி சுற்றினேன், வெந்நீர் பாட்டில் வைத்தேன். அது உங்களைத் தேடியது. நான் சொல்கிறேன், தேடியதுதான்.

உங்கள் தம்பியை அனுப்பினேன். "அக்கா வர மாட்டேன்னுது" என்று திரும்பி வந்து நின்றார். அப்போது எனக்குப் புரிந்தது, இது நானே போக வேண்டிய காரியம் என்று.

குழந்தையை என் வயிற்றோடு கட்டிக்கொண்டு, ஆர்.கே. பேட்டை போகிற பஸ்ஸில் உங்கள் தம்பியின் தோளைப் பிடித்தபடி வந்தேன். அம்மையார்குப்பத்தில் தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேசினால் காது கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் நீங்கள், "இந்தக் குளிர்ல கொயந்தையத் தூக்கிகினு வந்தியா, புத்தி கெட்டவளே" என்று வாயசைத்தது மட்டும் தெரிந்தது. பின்பக்கம் கிணற்றடிக்கு என்னை அழைத்துக்கொண்டு போனீர்கள். அங்கே சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"வீட்டுக்கு வாங்க அண்ணி."

"எதுக்கு? பாலுல தண்ணி ஊத்தறதுக்கா?"

நீங்கள் தோய்க்கிற கல்லின்மேல் உட்கார்ந்து கிணற்றைப் பார்த்தீர்கள். அப்புறம் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"எனக்கு ஒரு புள்ள இருந்தான். தெரியுமில்ல?"

ஒரு குழந்தை தவறிப்போனது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை யாரும் வீட்டில் எடுத்ததில்லை.

"அவனுக்கு மூணாம் மாசம், எனக்கு டைபாய்டு வந்துட்ச்சி. பாலு நின்னுபோச்சி. பக்கத்து வூட்ல எரும இருந்துச்சி. தண்ணி கலக்காத, கெட்டியா குடு, அப்பதான் தேறுவான்னாங்க. நானும் என் கையால குடுத்தேன். நல்லாத்தான் குடிச்சான். வயிறு மேளம் மாதிரி உப்பிகினு வந்துட்ச்சி. கத்தினான், கத்தினான். அப்புறம் கத்தல."

உங்கள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அதுலருந்து கெட்டிப் பாலப் பாத்தாலே என் கையி தானா தண்ணிச் செம்புக்குப் போவுது. டாக்டரம்மா சொன்னது காதுல கேட்டுச்சி. கையி கேக்கல. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. மனதில் பட்டதைச் சொன்னேன். "பால நான் கலக்கறேன் அண்ணி. அந்தப் பக்கமே நீங்க திரும்ப வேணாம். கெட்டியா, தண்ணியான்னு பாக்கவும் வேணாம். நீங்க புடிச்சிக்கினு மட்டும் இருங்க. என்னால அது முடியல. என்னால ஆவாத வேல நீங்க பண்ணுங்க, உங்களால ஆவாத வேல நான் பண்றேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை அவிழ்த்து உங்கள் மடியில் வைத்தேன். நீங்கள் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் அதன் பாதத்தைத் தொட்டீர்கள். "ஐயோ, பனிக்கட்டி மாதிரி வெச்சிருக்கறியே" என்று அவசர அவசரமாக ரவிக்கைக்குள் செருகினீர்கள். எழுந்து புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "இன்னா பாத்துகினு நிக்கற? பஸ்ஸு போயிடும், வா" என்றீர்கள். கொழுந்தன் வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. மாற்றுப் புடவை அங்கேயே தங்கிவிட்டது. உங்கள் தம்பி பின்னால் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் டின்னை எடுத்தால் நீங்கள் குழந்தையோடு புழக்கடைக்குப் போய்விடுவீர்கள். கலந்து முடித்து நான் கூப்பிட்டதும் வருவீர்கள். டம்ளரைப் பார்க்க மாட்டீர்கள். குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாலாடையால் ஊட்டுவீர்கள். உங்கள் கை நடுங்குவதை நான் கவனித்தேன். ஆனால் ஊட்டினீர்கள். பயத்தை வைத்துக்கொண்டே ஒரு காரியத்தை இப்படிச் செய்தவரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

எடை ஏறியது. முதல் தடவை முள் நகர்ந்தபோது டாக்டரம்மா குழந்தையை இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றி வைத்துப் பார்த்தார். மெட்ராஸ் பேச்சு அதோடு நின்றது. கன்னத்தில் குழி தெரிந்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. நீங்கள் அந்த மடிப்பை விரலால் நீவி நீவிப் பார்ப்பீர்கள். மார்பில் வைத்து வைத்து எனக்கும் பால் சுரக்கத் தொடங்கியது. போதுமான அளவுக்கு ஒருநாளும் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பாதிக்கு மேல் டின் பால்தான் அவளை வளர்த்தது. ஆனால் முதல் சொட்டு வந்த அன்று சந்தோஷத்தில் சத்தம் போட்டது நானில்லை, நீங்கள்.

பெயரும் வைத்தோம். தேன்மொழி என்று உங்கள் தம்பிதான் சொன்னார். நீங்கள் மட்டும் எலிக்குஞ்சு என்றே கூப்பிட்டீர்கள், அவள் தாவணி போடுகிற வரைக்கும்.

கழுத்து நிற்கவில்லை, இன்னும் குப்புற விழவில்லை என்று தெருவில் பேசினார்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். அதை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். குழாயடியில் யாராவது வாயைத் திறந்தால், "எங்க கணக்கு வேற, உங்க கணக்கு வேற. எங்க பொண்ணு சீக்கிரம் வந்துட்டா, மெதுவா நடப்பா. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பீர்கள். அவள் வாசற்படி தாண்டிய அன்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தீர்கள். பேசியவர்கள் வீட்டுக்கு முதலில் கொடுத்தீர்கள்.

போன ஆடியில், கிருத்திகைக் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்தபோது, காய்ச்சலில் படுத்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. உங்களை எடுத்துக்கொண்டு போனபோது காவடிக்காரர்கள் மேளத்தை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பின் தெருவில் சுசீலா என்று ஒரு பெண். அவளுக்கும் போன மாதம் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது, பையன். அவளுக்கும் பால் போதவில்லை, டின் பால். பார்க்கப் போயிருந்தேன். அவள் மாமியார் டம்ளரில் வெந்நீரைச் சேர்த்துக்கொண்டே, "எம்மாஞ் சின்ன வயிறு, இதுக்கு இத்தினி கெட்டி தாங்குமா?" என்றார். உங்கள் குரலைக் கேட்ட மாதிரி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவரை நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது? நம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் அண்ணி இப்படித்தான் தண்ணீர் ஊற்றினார், குழந்தை சாகக் கிடந்தது என்று சொன்னேன். அந்த அம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டார். அதுவரைக்கும் நல்லதுதான்.

ஆனால் பேச்சு அங்கே நிற்குமா? நாலு நாள் கழித்துத் தேன்மொழி குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை என்னைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாத்தாங்களாமே? எல்லாரும் பேசிக்கறாங்க. நெஜமா?"

அவளை உட்கார வைத்து, கிணற்றடியில் நீங்கள் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். உங்களுக்கு ஒரு மகன் இருந்தான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"அத்தை என்னை நெஞ்சுலயே வெச்சிகினு இருந்தாங்களே, அதச் சொன்னியா அவங்களுக்கு?"

"இல்ல."

"பயந்துகினே ஊட்டினாங்களே, அது?"

"அதுக்குள்ள அந்தம்மா செம்பக் கீழ வெச்சிட்டாங்க."

"அப்போ பாதிதானேம்மா சொல்லியிருக்க. மீதியையும் போய்ச் சொல்லு. அந்தக் கொயந்தைக்கும் பாலு மட்டும் போதாதில்ல?"

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறாள்! அவள் சொன்னதுதான் சரி. மறுநாளே போனேன். சுசீலாவின் மாமியாரை உட்கார வைத்து, குழந்தையை எப்படி நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டினேன். "பால உங்க மருமக கலக்கட்டும். இந்தச் சூடு உங்ககிட்டதான் இருக்குது. எங்க அண்ணி இப்படித்தான் எங்க பொண்ணக் காப்பாத்தினாங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு முதலில் கூச்சம். குழந்தை அவர் மேல் சூடு பட்டுக் கண்ணை மூடியதும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. தேறிவிடுவான், எனக்குச் சந்தேகமே இல்லை.

தெருவில் இருக்கிற எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்டேனே, உங்களுக்குச் சம்மதம்தானா? தெரியவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். திட்டிவிட்டு, அந்தப் பையனைப் பார்க்க என்னை முந்திக்கொண்டு பின் தெருவுக்கு நடப்பீர்கள்.

அண்ணி, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம்மூரில் இனி எந்த வீட்டில் சீக்கிரம் வந்த குழந்தை இருந்தாலும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் போவேன். கரண்டியைத் தலைதட்டக் காட்டிவிட்டுத்தான் வருவேன். தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையதாக இருந்தாலும், அந்தக் கையைத் திட்ட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.

என்றும் உங்கள் தம்பி மனைவி,
தேன்மொழிக்கு உங்களோடு பாதித் தாய்,
சரோஜா